அடுப்படி எக்ஸ்சேஞ்சு

உலகத்தில் எந்தப் புருஷனும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். என் ரகசியம் போகிற கம்பியை என் சம்சாரத்தின் கையிலேயே கொடுத்தேன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் தும்மினால், சத்தம் பின்கட்டுக்குப் போய்ச் சேர மறுநாளாகும். அண்ணன் தம்பிக்கு ஒரே வீடு. கல்யாணமானதும் அடுப்பு மட்டும் தனித்தனி. தம்பி முத்தப்பன் அடுப்பில் பணியாரம். சர்க்கரை வியாதிக்காரனான என் அடுப்பில் கேப்பைக் கஞ்சி! பணியாரம் வெந்ததும் எனக்குச் சேதி வர ஒரு வழி வேண்டாமா?

மதுரையில் பட்டாளத்துப் பழைய போன் நாலு வாங்கினேன். கம்பிகள் சேருகிற பலகையை, எந்நேரமும் ஆள் இருக்கிற எங்கள் அடுப்படியில் மாட்டினேன்.

"இங்க பாரு தேனம்மை, இதுதான் எக்ஸ்சேஞ்சு. நம்பருங்கிறது விலாசம். முகப்பு ஒண்ணு, ஆத்தா அறை ரெண்டு, தம்பி அடுப்படி மூணு, நீ நாலு. நான் போன் கைப்பிடியைச் சுத்துனா உனக்கு மணியடிக்கும். கேக்குற நம்பர்ல என் கம்பியைச் சொருகணும்."

"சொருகுனப்பறம் நீங்க பேசுறது எனக்குக் கேக்குமா?"

"கேக்காது!" திட்டமே அதுதானே.

"மூணு கேட்டீகன்னு வைங்க, நான் ரெண்டுல சொருகிட்டா?"

"ஆத்தா அறைக்குப் போயிரும். கம்பிக்கு என்ன தெரியும்?"

"எம்புட்டு அறிவு உங்களுக்கு!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நாள் பிரமாதம்.

வெள்ளிக்கிழமை. நெய் வாசனை முகப்பு வரை வந்தது. சுற்றினேன்.

"எக்ஸ்சேஞ்சு. எந்த நம்பருங்க?" மூக்கால் இழுத்தாள், நிஜ ஆபரேட்டர் தோற்றாள்.

"மூணு."

"குடுத்தாச்சு, பேசுங்க."

எதிர்முனையில் ஒரு "ம்".

"தம்பி, பணியாரம் ஆச்சாடா? நேத்து ஏழுதான் தின்னேன். இன்னிக்குப் பத்தாச்சும் வேணும். அந்த மொட்டத்தலை டாக்டர் கேட்டா, நாக்குல இனிப்பே படலைன்னு அடிச்சுச் சொல்லிருவேன்!"

தொண்டையைச் செருமும் சத்தம். தம்பியின் செருமல் இல்லை!

"மொட்டத்தலைதான் பேசுறேன். உங்க ஆத்தா முழங்காலைப் பாக்க வந்தேன். அந்த நாக்கை நீட்டிக்கிட்டு இங்குட்டு வாங்க."

போன் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினேன். தேனம்மை நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி, மூணுதானே கேட்டேன்?"

"கேட்டீக. ஏழு பணியாரம் தின்னதை உங்க தம்பி பொஞ்சாதி சிட்டாள் நேத்தே சொல்லிட்டா."

"எப்படிச் சொன்னா?"

"மூணுல இருந்து நாலுக்குப் பேசித்தான். நல்லா தெளிவாக் கேக்குதுங்க!"

இப்போதெல்லாம் முகப்புப் போனுக்கு ஒரே ஓர் அழைப்புதான் வருகிறது: "கஞ்சி ஆறுது, வாங்க."