ஒருமைக்கு ஆள் கிடைக்கவில்லை

"தேனா கோருவா" என்று திரையில் மேரே சிரித்தபடி வணக்கம் சொன்னதும் நித்யஸ்ரீக்குச் சுருக்கென்றது.

மாவோரி மொழியில் ஒருவரைப் பார்த்தால் 'தேனா கொயே'. இருவரைப் பார்த்தால்தான் 'தேனா கோருவா'. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 'தேனா கோட்டோ'. மாவோரியே தாய்மொழியான, நியூசிலாந்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மேரே இதில் தடுமாறலாமா?

"நான் ஒருத்திதான் இருக்கேன், மேரே" என்றாள் ஆங்கிலத்தில்.

மேரே திரையைச் சற்று உற்றுப் பார்த்தாள். "அப்படியா? சரி, நீங்க சொன்னா சரி."

நித்யஸ்ரீ மல்லசமுத்திரம் பக்கத்து தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக வேலை பார்த்தாள். கணவன் ஜெகதீஸ்வரன் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். அவள் மட்டும் இங்கே வாடகை வீட்டில். மாவோரியையும் அமெரிக்கப் பழங்குடி மொழியான நவாஹோவையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒன்றோடொன்று ஒட்டும் உறவும் இல்லாத மொழிகள். ஆனால் இரண்டுமே இரண்டு பேரைத் தனியாக எண்ணும். மாவோரி அதை 'நீ', 'அவர்' என்கிற சொற்களில் எண்ணும். நவாஹோ வினைச்சொல்லில் எண்ணும்; ஒருவர் நடந்தால் ஒரு சொல், இருவர் நடந்தால் வேறு சொல், கூட்டமாக நடந்தால் இன்னொன்று. மாதக் கடைசிக்குள் கட்டுரை போகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

அரிசோனாவிலிருந்து டெல்பர்ட் அழைப்பில் சேர்ந்துகொண்டார். நவாஹோ அவருக்குத் தாய்மொழி. நித்யஸ்ரீ கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்து காட்டினாள். "இப்ப பாத்ததை உங்க மொழியில சொல்லுங்க."

டெல்பர்ட் சொன்னார். இருவர் நடப்பதற்கான வினை.

"தப்பா இருக்கே?"

"பாத்ததைத்தான் சொன்னேன்" என்றார் அவர். அதற்கு மேல் பேச விருப்பமில்லாதவர்போலக் குனிந்துகொண்டார்.

நித்யஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். பீரோக் கண்ணாடி. பக்கத்துக் கொக்கியில் தொங்கிய நைட்டி. அவ்வளவுதான் விஷயம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை நைட்டியை எடுத்துவிட்டு, பீரோவை மறைத்து ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"தேனா கோருவா" என்றாள் மேரே. பிறகு கனிவாக, "துணி கட்டினது நல்லதாப் போச்சு. நேத்து கண்ணாடி வெயில் பட்டு உங்க பக்கத்துல இருக்கவங்க கண்ணைச் சுருக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

நித்யஸ்ரீ லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

அன்று கல்லூரியில் வணிகவியல் ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோதி ஆத்தூர்க்காரி. எதற்கும் உடனே ஒரு வழி வைத்திருப்பாள்.

"இதுக்கா பயந்த? நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன். ரெண்டு பேர் இருக்கும்போது ரெண்டு பேர்னு சொன்னா சரியாயிடும்ல?"

அடுத்த நாள் ஜோதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தேனா கோட்டோ" என்றாள் மேரே.

"என்னடி சொல்றாங்க?"

"மூணு பேருக்கு மேலன்னு."

ஜோதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஆனாலும் விடவில்லை. "மூணுக்கு மேல அந்த பாஷைங்க எண்ணாதுன்னு நீதானே சொன்ன? டிபார்ட்மென்ட்டையே கூட்டிட்டு வந்துடலாம். பத்தோட பதினொண்ணாப் போயிடும்."

"எனக்கு ஒருமை வேணும் ஜோதி. ஒருத்தருக்கு எப்படிச் சொல்றாங்கன்னு ஒரு வரிகூட இல்லாம எதை வெச்சு ஒப்பிடறது?"

ஜோதி யோசித்தாள். "அப்ப யாருமே இல்லாம வெச்சுப் பாக்கலாம். இவங்க கண்ணுல கோளாறா, ஊட்டுல கோளாறான்னு தெரிஞ்சிடும்."

லேப்டாப்பை நாற்காலிக்கு எதிரே திறந்து வைத்துவிட்டு, இருவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். சாலையில் கோழித் தீவன லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனது. நித்யஸ்ரீ தன் செல்போனிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்து, கேமராவை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

பிறகு மேரேயின் குரல் தெளிவாக வந்தது.

"தேனா கொயே."

டெல்பர்ட்டும் தன் மொழியில் சொன்னார். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று.

"பாரு," என்றாள் ஜோதி. "உன் ஒருமை கிடைச்சிருச்சு."

சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனவள்தான், மறுநாள் கல்லூரிக்கும் லீவு.

ஜோதி போன அன்று மதியமே நித்யஸ்ரீ முடிவெடுத்துவிட்டாள். வேலை போனால் போகட்டும். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். பூட்டும்போது உள்ளே பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, மரவள்ளிக் காட்டை ஒட்டியிருந்த வீட்டுக்காரி சென்னம்மாளின் வீட்டுக்கு நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வீட்டை விட்டு எட்ட வர வர மூச்சு இலகுவானது.

சென்னம்மாள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்து, "வாங்க, வாங்க. வெயில்ல நடந்தா வாரீங்க? நெழல்ல உக்காருங்க" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நித்யஸ்ரீக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு இதமான மொழி. 'வாங்க' என்றால் வாங்கதான். ஒருவரா, இருவரா என்று தலையை எண்ணிக்கொண்டிருக்காது.

"ஊட்டைக் காலி பண்ணிக்கறேனுங்க" என்று சாவியை நீட்டினாள்.

"ஏனுங்க, என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. தனியா இருக்க முடியலை." மனம் லேசான சந்தோஷத்தில் அவள் சிரித்தாள். "எனக்கு எதுக்குங்க இத்தனை மரியாதை? உங்க மக வயசு எனக்கு. வா, போன்னே கூப்பிடுங்க."

சென்னம்மாள் தவிட்டுக் கையை உதறிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் பார்த்தபடி சொன்னாள்:

"நீ தனியா வந்திருந்தா வான்னுதாஞ் சாமி கூப்புட்டிருப்பேன். குடி வந்த அன்னைக்கிருந்து ரெண்டு பேராத்தான வாரீங்க."