முருகேஷின் கால் எந்த மாநிலம்?

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முருகேஷின் கால் உடைந்தது. எட்டே முக்காலுக்கு அந்தச் செய்தி வந்து சந்திரமோகனின் நிம்மதியையும் உடைத்தது.

மொரப்பூரில் குப்புராஜின் போர்வெல் கம்பெனிக்கு அவர்தான் இருபது வருடமாகக் கணக்கர். போனை எடுத்ததும் யாரோ ஒரு பெண்மணி பதறினாள்.

“நிம்ம ஹுடுகன காலு முரிது ஹோய்த்து!”

கால் முறிந்தது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அதற்குள் போன் கை மாறிவிட்டது.

“சார், முருகேஷ் பேசறனுங்க. ராடு நழுவிக் கால் மேல விழுந்துருச்சுங்க. என் போனும் நசுங்கிப்போச்சு. இது நெலத்துக்கார அம்மா போனுங்க.”

“அந்தம்மா கன்னடம் பேசுது!”

“ஆமாங்க சார்.”

“ஐயோ! மறுபடியும் பார்டர் தாண்டிட்டீங்களாடா?”

“இல்லீங்க சார், அது வந்து...”

“பேசாதே! போன்ல எதையும் பேசாதே. நேரா தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வா.”

சந்திரமோகனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிராளி வாயைத் திறந்ததுமே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று இவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எதற்குக் கேட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்குவது என்று பாதியிலேயே வெட்டிவிடுவார். வீட்டில் அவர் மனைவி முழுதாக ஒரு வாக்கியம் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது.

இருந்தாலும் ஒருமுறை சரிபார்க்கலாமே என்று அதே நம்பரைத் திரும்ப அழைத்தார். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை ஒரு பெண் குரல் சுத்தமான கன்னடத்தில் சொன்னது. அதற்கு மேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

குப்புராஜிடம் இரண்டு போர் வண்டிகள். ஒன்று தமிழ்நாட்டுக்குள் ஓடும். மற்றொன்று கர்நாடகாவில் சிக்கபள்ளாபூர் பக்கமே டேரா. இரண்டுக்கும் தனித்தனித் தொழிலாளர் இன்சூரன்ஸ். எந்த மாநிலத்தில் யார் யார், என்ன வேலை, என்ன சம்பளம் என்று மாதாமாதம் ஐந்தாம் தேதி கம்பெனிக்குப் பட்டியல் போகவேண்டும். எந்த மாநிலப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ, அந்த மாநிலத்தில் அடிபட்டால்தான் இழப்பீடு. முருகேஷின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பவன் கர்நாடகாவில் காலை உடைத்துக்கொண்டால் அது அவனுடைய சொந்தக் கால்.

விஷயத்தைக் கேட்டதும் குப்புராஜ் பொங்கினார்.

“பூமிக்குள்ள எண்ணூறு அடி எறங்கினா அங்க ஏதுய்யா தமிழ்நாடு, கர்நாடகா? எல்லாம் ஒரே தண்ணிதானே?”

“தண்ணி ஒண்ணுதாங்க முதலாளி. பாலிசி ரெண்டாச்சே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. முருகேஷுக்குப் பணம் வந்தாகணும். வரலேன்னா அது உன் பாடு. அவனை வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தது நீதான்.”

அது உண்மைதான். முருகேஷ் அவர் தெருப் பையன். ‘நம்ம கம்பெனியில் கைகால் போனாலும் காசு வரும்’ என்று வாக்குக் கொடுத்து அவனைச் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகேஷின் மனைவி ரேவதி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சந்திரமோகனுக்கு அழுகையே வந்துவிட்டது. காலுக்குள் பிளேட் வைக்கவேண்டும், ஆறு மாதம் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

“சார், அந்த எடம் எதுன்னா...” என்று முருகேஷ் ஆரம்பித்தான்.

“எடத்தைப் பத்திப் பேசாதே. யார் கேட்டாலும் கர்நாடகாவுல அடிபட்டுச்சுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் எழுதிக்கறேன்.”

முருகேஷ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“கர்நாடகான்னுங்களா?”

“ஆமா.”

“அப்பிடிச் சொன்னாத்தான் பணம் வருங்களா?”

“அப்பிடிச் சொன்னாத்தான் வரும்.”

“சரிங்க சார்” என்றான் முருகேஷ். படித்தவர்கள் விஷயம், அதில் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஐந்தாம் தேதி. சந்திரமோகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முருகேஷை ஒன்றாம் தேதியிலிருந்தே கர்நாடகப் பட்டியலுக்கு மாற்றினார். வேலை சுலபமாக முடிந்தது. ஆனால் கர்நாடகப் பாலிசி ஆறு பேருக்குத்தான். முருகேஷோடு சேர்த்தால் ஏழு. யாரையாவது இந்தப் பக்கம் கொண்டுவரவேண்டும். பெயர்களை மேலும் கீழும் பார்த்தார். சிக்கபள்ளாபூரில் வண்டி ஆட்களுக்குச் சமைத்துப் போடும் குள்ளன் கண்ணில் பட்டார். சமையல்காரருக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது? முருகேஷின் இடம் காலியாக இருந்ததால், அந்த இடத்தில் ‘குள்ளன், ட்ரில்லர், தமிழ்நாடு’ என்று அடித்துப் பட்டியலை அனுப்பிவிட்டார். இரண்டு கிலோ அரிசியை ஒரே கையால் களையும் மனிதர், ஒரு பட்டன் அழுத்தலில் பாறை துளைப்பவராகிவிட்டார்.

அடுத்த கவலை வண்டி. அது இன்னும் அந்த அம்மாளின் நிலத்தில்தான் நின்றது. செக்போஸ்ட்டைத் தாண்டித் திரும்பி வந்தால் வண்டி நம்பர் பதிவாகிவிடும், தமிழ்நாட்டு வண்டி அங்கே போன குட்டு வெளிப்பட்டுவிடும். டிரைவர் ராஜப்பனைப் போனில் பிடித்தார்.

“ராஜப்பா, ஒரு வாரம் வண்டியை அசைக்காதே. வேலையும் செய்யாதே. பார்டர் பக்கமே தலைகாட்டாதே.”

“எந்த பார்டருங்க?”

“தெரியாத மாதிரி கேக்கறியா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? போன பங்குனியில பார்டர் தாண்டிக் கனகபுரா போயி ரெண்டு போர் போட்டுட்டு வந்தவன்தானே நீ?”

“அது போன பங்குனிங்க. இப்ப நாங்க...”

சந்திரமோகன் போனை வைத்துவிட்டார். புதன்கிழமை காலை முருகேஷுக்கு இழப்பீடு கேட்டு மனுவையும் அனுப்பினார். நிம்மதியாக ஒரு டீ சொன்னார். டீ வருவதற்குள் போன் வந்தது.

“அண்ணா, குள்ளன் பேசறனுங்க. சிக்கபள்ளாபூருலேர்ந்து.”

“சொல்லுப்பா.”

“கையில சாம்பாரு கொட்டிக்கிச்சுங்க. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. நமக்கு இன்சூரன்ஸ் இருக்குதுன்னு சொல்வீங்களே, அதான்...”

பதினைந்து வருடமாக அந்த மனிதர் கையில் ஒரு சொட்டு ரசம்கூடச் சிந்தியதில்லை. பட்டியல் மாறிய மறுநாளே சாம்பார் கொட்டிக்கொள்கிறார்! சந்திரமோகன் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது தமிழ்நாட்டில் இருக்கவேண்டிய ட்ரில்லர், கர்நாடகாவில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

“குள்ளா, உடனே பஸ் ஏறு. ஓசூர் வந்து சேர்ற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகலே. புரியுதா?”

“வலிக்குதுங்களே.”

“ஓசூர் தாண்டி வலிக்கட்டும். மொரப்பூர் யார்டுல வேலை செய்யறப்ப சுட்டுக்கிட்டே, அவ்வளவுதான்.”

குள்ளனுக்கும் ஒரு மனு போனது. வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு மனுக்களையும் விசாரிக்க ஜெயபிரியா என்ற அதிகாரி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சிரித்த முகம், ஆனால் எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற கை. பெஞ்சில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த குள்ளனை முதலில் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் ட்ரில்லருங்களா?”

குள்ளன் சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகன் கண்ணாலேயே கெஞ்சினார்.

“ஆமாங்க மேடம்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவீங்க?”

“ஆறு பேருக்கு ரெண்டு கிலோ போடுவேனுங்க. ஞாயித்துக்கெழமைன்னா கறி இருக்குதுங்களா, கூட அரை கிலோ.”

ஜெயபிரியா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் சிக்கபள்ளாபூர் டாக்டரின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

“சார், இவருக்குக் கர்நாடகாவுல அடிபட்டிருக்கு. பேரு தமிழ்நாட்டுப் பட்டியல்ல இருக்கு. இவருக்கு எதுவும் குடுக்க முடியாது. கர்நாடகப் பட்டியல்ல இருந்திருந்தா முழுசா வந்திருக்கும்.”

போன மாதம் வரை அங்கேதான் இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்ததை சந்திரமோகன் விழுங்கினார். குள்ளனின் முகத்தைப் பார்க்கவே கூசியது. பரவாயில்லை, மருந்துச் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்துவிடலாம். வெந்த கை பத்து நாளில் ஆறிவிடும். ரேவதிக்குப் பிரசவம் அடுத்த மாதம். முருகேஷின் கால்தான் முக்கியம்.

“முருகேஷ் விஷயம் மேடம்?” என்றார் மெதுவாக.

“அவரை நேத்து ஆஸ்பத்திரியில பாத்தேன். எங்க அடிபட்டுச்சுன்னு கேட்டேன். ‘கர்நாடகாலதாங்க, சார் சொன்னாரு’ன்னாரு.”

சந்திரமோகன் முந்திக்கொண்டார்.

“வலியில கொஞ்சம் ஒளறறான் மேடம்.”

“பட்டியலும் கர்நாடகான்னுதான் இருக்கு. நெலத்துக்காரங்க சாட்சி ஒண்ணு கெடைச்சா இன்னைக்கே எழுதி அனுப்பிடுவேன். ஆறு மாசச் சம்பளமும் ஆபரேஷன் செலவும் வந்துடும்.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

“யாருரீ இல்லி ஓனரு?” என்று முதலாளியைக் கேட்டு ஆரம்பித்து, மூச்சு விடாமல் கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள்.

சந்திரமோகனுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. திங்கட்கிழமை போனில் பதறிய அதே குரல். தேடப்போன சாட்சி ஆட்டோ பிடித்து வந்து இறங்கியிருக்கிறது. அவர் வாழ்நாளில் யாரையும் அப்படி வரவேற்றதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“மேடம், இவங்கதான் அந்த நெலத்துக்காரங்க! கன்னடத்துலேயே பேசறாங்க பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

ஜெயபிரியா பேனாவைத் திறந்தாள்.

“உங்க பேருங்கம்மா?”

“தீர்த்தம்மாள்” என்றாள் அந்தப் பெண்மணி. தண்ணீரைக் குடித்ததும் கோபம் தணிந்து தமிழுக்கு வந்துவிட்டாள். “நல்லா இருக்குதும்மா இவங்க ஞாயம். பாதிக் குழி போட்டுட்டு அஞ்சு நாளா வண்டி சும்மா நிக்குது. கேட்டா, பார்டர் தாண்டக்கூடாதுன்னு ஆபீசுல உத்தரவாம். தக்காளி காயுது.”

“அந்தப் பையன் கால் உடைஞ்சது உங்க நெலத்துலதானே?”

“என் கண்ணு முன்னாடிதான். பாவம், துடிச்சுப்போயிட்டான்.”

“போதுங்கம்மா, போதும்!” என்று சந்திரமோகன் குறுக்கே விழுந்தார். “மேடம், எழுதிக்குங்க. சம்பவம் நடந்த எடம் கர்நாடகா. இந்த அம்மா அவ்வளவு தூரம் கர்நாடகாவுல இருந்து வந்து...”

“கொஞ்சம் பொறுங்க சார். அவங்களையே முழுசாப் பேச விடுங்க” என்றாள் ஜெயபிரியா.

இருபது வருடத்தில் முதல்முறையாக சந்திரமோகன் வாயை மூடினார்.

தீர்த்தம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருப்பா கர்நாடகா? வூட்டுல கன்னடம் பேசுனா கர்நாடகா ஆயிடுவனா? ஆத்துக்கு இந்தப் பக்கம், பென்னாகரம் தாலுக்கா. போன் டவருதான் அந்தப் பக்கத்துது, மத்தபடி நீயும் நானும் ஒரே தர்மபுரி கலெக்டருக்குத்தான் மனு குடுக்கறோம்!”