கலந்தாய்வுக்குத் துணை வந்தவர்

துணைக்கு வருகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. யார் எந்த அலுவலகத்துக்குக் கிளம்பினாலும், கிளம்புகிறவர் தலை வாரி முடிப்பதற்குள் தாம் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, வாசலில் வந்து நின்று, "இன்னும் ரெடியாவலியா?" என்று அதட்டுகிறவர்கள் இவர்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க, கண் ஆபரேஷனுக்கு, பெண் பார்க்க, பிரேதம் வாங்க, கல்லூரியில் இடம் பிடிக்க, எதற்கானாலும் சரி. உங்களுக்கு அது காரியம். அவருக்கு அது பயணம்.

நீங்கள் கூப்பிட்டீர்களா? இல்லை. கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வாரா? அதற்கெல்லாம் அவர் உங்களுக்கு அவகாசமே தருவதில்லை.

பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்று கையில் இருக்கும். அதில் உங்கள் காகிதங்களோடு அவருடைய ஆதார் நகலும் இரண்டு கிடக்கும். கோந்து, ஸ்டேப்ளர், நாலு கலர் பேனா, ரப்பர் பேண்டு ஆகியவற்றைச் சட்டைப்பை தாங்காமல் தாங்கிக்கொண்டிருக்கும். வரிசையில் உங்களை நிறுத்திவிட்டு அவர் முன்னால் போய் விசாரிப்பார். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். காவலாளிக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டு, அந்த ஊரில் தமக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் செத்துப்போன செய்தியையும் கேட்டு உச்சுக்கொட்டுவார். உள்ளேயிருந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டால், "தோ, கீறோம்!" என்பது அவர்தான்.

இவர்களுக்கென்று ஒரு வாசகம் உண்டு. "கேட்டா இன்னா பண்ணுவ?"

இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்கவே மாட்டார்கள் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. தீர்ந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் தெய்வசிகாமணி, வயது ஐம்பத்து நான்கு, ஏரியில் வலை போடுகிறவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவராக இருந்தால் வராதீர்கள் என்று சொல்லிவிடலாமே!

சென்ற ஆண்டு எங்கள் உறவுப் பெண் பூவிழி எம்.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பித்தாள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். தெய்வசிகாமணி அவளுக்குச் சித்தப்பா முறை. மேற்படிப்பில் அறுவை சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, சமூக நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள் உண்டு. சேரும்போதே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது மனநலம். காரணம் கேட்டால் நீட்டி முழக்கமாட்டாள். பூச்சிமருந்து குடித்த ஒருவரை அவள் வார்டில் ஒன்பது நாள் வைத்திருந்து பிழைக்கவைத்து அனுப்பினார்கள். நாளுக்கு ஆறு முறை அவர் நாடியைப் பிடித்துக் குறித்தவர்களில் ஒருவர்கூட ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. நாற்பதாம் நாள் அவர் மறுபடியும் வந்தார். "குறிச்சவங்கள்ல நானும் ஒருத்தி" என்பாள் பூவிழி.

அந்தப் பிரிவில் இடங்கள் குறைவு. அவளுக்கு வயது இருபத்தாறு. இந்த வருடம் கை நழுவினால் அடுத்த வருடம் படிப்புப் பேச்சை முந்திக்கொண்டு கல்யாணப் பேச்சு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தடவை.

கல்லூரிகளின் தகவல் கையேடு கேட்டது நான்கே நான்கு. பி.எஸ்சி. நர்சிங்கில் ஐம்பத்தைந்து சதவீதம், ஒரு வருட அனுபவம், நர்சிங் கவுன்சில் பதிவு, உடல்தகுதிச் சான்று. அனுபவம் இருந்தது, பதிவு இருந்தது, மதிப்பெண் அறுபத்தொன்று. இதுதான் தெய்வசிகாமணியை உறுத்தியது. எல்லாம் இருக்கிறவளுக்கு ஒரு மனிதர் எப்படித்தான் துணை போவது?

"உங்க நைனாவோட தாத்தா பேர்ல எதுனா பேப்பர் கீதா?" என்றார்.

"படிக்கப் போறது நானா, அவரா சித்தப்பா?"

"அதெல்லாம் சரி. கேட்டா இன்னா பண்ணுவ?"

கொள்ளுத்தாத்தா பேரில் மண்ணெண்ணெய் அட்டை ஒன்று பெட்டியடியில் கிடைத்தது. அதற்கு மூன்று நகல் எடுத்தார்கள்.

உடல்தகுதிச் சான்றுக்குத் தன் மருத்துவமனை டாக்டரிடமே போனாள். "பி.பி. எவ்வளவும்மா?" என்று அவர் அவளையே கேட்டார். அவளே தன் கையில் பட்டையைச் சுற்றி, அவளே காற்றடித்து, அவளே பார்த்துச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டார். தெய்வசிகாமணிக்குத் திருப்தியில்லை. "உங்க டாக்டரு உனக்குச் சாதகமாத்தான எழுதுவாரு? வெளியாளாண்ட ஒண்ணு வாங்கிக்க. உஷாரா இருக்கணும்." வாங்கினாள். முதல் சான்றைவிட இரண்டாவதில் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. "பாத்தியா! இத்த கேட்டா இன்னா பண்ணுவ?" என்று அன்று முழுவதும் அவர் சோறு இறங்காமல் தவித்தார். இரண்டாவதைக் கிழித்துப்போட்டு அவரை ஆற்றவேண்டியதாயிற்று.

படிப்பு இரண்டு வருடம், புள்ளியியல் உண்டு, வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும், கடைசியில் ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும், அதற்குப் பலரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"எத்தினி பேரு வேணும்?"

"அறுபது பேர் வேண்டியிருக்கும் சித்தப்பா."

"அதுக்கா பேஜாராவுற? பேப்பர என்னாண்ட குடு. அறுபதுக்கும் நானே பதில் எழுதிக் குடுத்துர்றேன்."

கலந்தாய்வு நாளன்று பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்து, மூவர் சென்னைக்குப் போனார்கள். பூவிழி, அவள் அப்பா மாசிலாமணி, சொல்லவே வேண்டாத மூன்றாமவர். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "கூட ஒருத்தர்தான்."

மகள் படிக்கப்போகும் உலகம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க மாசிலாமணி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் தெய்வசிகாமணி உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணே, நீ அப்படி நெழல்ல குந்து. நான் இன்னா ஏதுன்னு பாத்துட்டு வந்துர்றேன்."

மாசிலாமணி நிழலில் உட்கார்ந்தார்.

கூடத்தில் நூற்றைம்பது பெண்கள் மடியில் கோப்புகளோடு பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருக்கிற இடத்தைக் கண்டால் துணைக்கு வருகிறவருக்கு ஆகாது. பக்கத்து நாற்காலியில் திண்டுக்கல்லிலிருந்து தனியாக வந்திருந்த செசிலியா என்ற பெண்ணைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் அனுபவ சர்டிபிகேட்ல இன்னானு போட்டுக்கீறாங்க?"

"ஒரு வருஷம்னு போட்டிருக்காங்க அங்கிள்."

"முன்னூத்தி அறுவத்தஞ்சா, அறுவத்தாறா?"

அதுவரை தெளிவாக இருந்த அந்தப் பெண் எழுந்து ஓடிப்போய் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். இவர் அவளுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார்.

எதிரே பெரிய திரையில் காலியிடங்கள் ஓடின. மனநலத்தில் காலையில் நான்கு. பூவிழிக்கு முன்னால் ஆறு பேர் இருந்தபோது மூன்று. மூன்று பேர் இருந்தபோது இரண்டு. அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஒன்று. அதுவும் சென்னையில் இல்லை, தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தில். அதே திரையில் மகப்பேறுப் பிரிவில் சென்னையிலேயே ஓர் இடம் மின்னிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி நிமிராமல் கேட்டார். "எந்தப் பிரிவும்மா?"

"மகப்பேறு. மெட்ராஸு" என்றார் தெய்வசிகாமணி.

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்களா படிக்கப் போறீங்க?"

"துணைக்கு வந்தேன் மேடம்."

"அப்ப துணையா இருங்க."

அவர் துணையாக இருந்தார். அதாவது, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "தோ பாரு கண்ணு, பக்கத்துல கீறத எடுத்துக்க. வர்ற வருசம் நீ கேட்டது தானா உனக்கு வரும். நம்ம பாடு மாதிரிதான். சுத்திக்கினே இருக்கும்."

இங்கே அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இறால் எட்டிப்பார்க்காத இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை நல்ல இடம் வரும். நல்ல இடத்தில் இன்று அள்ளியவன் நாளை தள்ளிப் போவான். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று குப்பத்தில் தகராறு வந்தால் தெய்வசிகாமணியைத்தான் கேட்பார்கள். காகிதம் பார்க்காமல் சொல்வார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்படிப்பட்டவர், இடம் ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அது முறைப்படி மாறி மாறித்தான் வரும் என்று நம்பியதில் என்ன பிழை?

"சேர்ந்த பிரிவுதான் ரெண்டு வருஷமும். மாறாது" என்றார் அதிகாரி.

"மாறாதா?" அவர் நிஜமாகவே ஆடிப்போய்விட்டார். "ஒருத்தருக்கு ஒரே எடத்தையா ஆயுசுக்கும் குடுத்துருவீங்க? இன்னா மேடம் நாயம் இது?"

நல்ல கேள்விதான். கேட்ட மேசைதான் சரியில்லை.

"பின்னாடி ஆள் நிக்கிறாங்க. ஒரு நிமிஷம் தரேன். சொல்லுங்கம்மா."

"மெட்ராஸுன்னு சொல்லு, பூவிழி. அவ்ளோ தூரம் போயி நீ இன்னா பண்ணுவ? ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா?"

எதிர்த்துப் பேசலாமா? பேசலாம். ஆனால் துணைக்கு வந்தவரிடம் விவாதம் செய்து வென்றவர்கள் கிடையாது. உங்களுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது, அவருக்கு நாள் முழுவதும் இருக்கிறது. பின்னால் இருந்தவள் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவளுக்கும் மனநலம்தான் வேண்டும் என்று காலையிலேயே பேச்சில் தெரிந்திருந்தது.

பூவிழி சித்தப்பாவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"சித்தப்பா, நைனா வெளிய தனியா குந்திக்கினு கீறாரு. அவருக்குத் துணைக்கு ஆளே இல்லியே. யார்னா வந்து எதுனா கேட்டா அவரு இன்னா பண்ணுவாரு?"

தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று பூவிழி பிறகு போனில் என்னிடம் சொன்னாள். உள்ளே ஒரு துணை, வெளியே ஒரு துணை, மனிதரோ ஒருவர். மேசையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இங்கேயாவது படித்த பெண் இருக்கிறாள், அங்கே வாயில்லாத மனிதர், நூறு பேர் போகவர இருக்கிற வாசல்! "அய்யய்ய, ஆமா" என்றார். பிளாஸ்டிக் கோப்பை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தார். நடந்தாரா, ஓடினார்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "மனநலம் மேடம். அந்தத் தெற்கால காலேஜு."

ஒதுக்கீட்டு ஆணை அச்சாகி வந்தது. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

வெளியே தெய்வசிகாமணி, உள்ளே நடப்பது என்ன என்று மாசிலாமணிக்கும், கேட்காத இன்னும் நான்கு அப்பாக்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மகள் ஆணையை நீட்டினாள். மாசிலாமணி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கேட்டதுதான?"

"ஆமா நைனா."

"அப்ப சரி."

தெய்வசிகாமணி அதை வாங்கி நேராக்கி இரண்டு முறை படித்தார். ஊர்ப் பெயரில் விரலை வைத்தார். கோபம் வந்திருக்கும் என்கிறீர்களா? துணைக்கு வருகிறவர்களுக்குக் கோபம் தங்காது. அதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும். "நாகர்கோயிலுக்கு நேர் வண்டி கீதா, நடுவுல எறங்கி மாறணுமா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே இரண்டு டிக்கெட் இருந்தது.

இப்போது உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. அந்த அதிகாரி ஒரு நிமிடம் தருகிறேன் என்று சொன்னாரே, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வாசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லாதீர்கள். 'பெண்பிள்ளை, அவ்வளவு தூரம் எதற்கு? சென்னையையே எடுத்துக்கொள்ளேன்' என்றோ, 'விடாதே, மனநலத்தைச் சொல்லிவிடு' என்றோ உள்ளுக்குள் ஒரு குரல் கொடுத்தீர்களா, இல்லையா? எதைச் சொன்னீர்கள் என்பது எனக்கு வேண்டாம். அந்தக் கூடத்துக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. உங்களை யார் விட்டது?

நான் கேட்பது ஏன் என்றால், கடலுக்கு இந்தப் பக்கம், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, எதை எடுப்பது என்று அன்று காலை நான் அனுப்பிய பதினான்கு செய்திகளையும் அவள் இதுவரை திறக்கவில்லை.

பூவிழி சேர்ந்துவிட்டாள். வகுப்பு தொடங்கி மூன்று மாதமாகிறது. புள்ளியியல் கொஞ்சம் கஷ்டமாம், சோறு பரவாயில்லையாம். விடுதியில் பார்வையாளர்களை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் விடுவார்களாம். இதைச் சும்மா ஒரு தகவலுக்காகத்தான் சொன்னேன்.

நீங்கள் எதற்குச் செருப்பைத் தேடுகிறீர்கள்?