தண்ணிவண்டிக்காரரும் நாற்பது தக்காளி நாற்றும்

தண்ணீர் விஷயத்தில் எங்கள் தண்ணிவண்டிக்காரரைப் போல வள்ளலும் கஞ்சனும் பினாங்குத் தீவில் பிறந்ததில்லை. முனிசிபாலிட்டி மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாக, புழுதி அடங்கத் தெருவுக்கு இறைப்பார். ஜெலுத்தோங்கில் தம் வீட்டு வாசலில், பால் டின்களில் வளரும் தக்காளி நாற்றுக்கோ அரைச் சிரட்டைதான். அதுவும் காலையில் மட்டும்.

எங்கே நாற்றைக் கண்டாலும் நடுரோட்டில் மாட்டை நிறுத்திவிடுவார். ஒருமுறை பின்னால் ஒரு துரையின் கார் அலற, இவர் ஒரு மாடியைப் பார்த்துக் கத்தினார்: “யக்கா! செடி வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையா போவுது லா! வெயில்ல வைங்க!” அதற்குள் நின்ற இடத்திலேயே வண்டித் தண்ணீர் கொட்டி, ரோட்டில் வாத்து மேய்க்கலாம் போலாகிவிட்டது.

விதை ஊன்ற எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு கைராசி. அவருக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான்.

தாசேக் கெலுகோரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், நாற்பது நாற்றுகளைப் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் விட்டுப் போனார்.

“நான் என்ன செய்யணும் அண்ணே?”

“ஒண்ணும் செய்யாதே.”

“மத்தியானம் வாடினா?”

“வாடட்டும். சாயங்காலம் தானா எந்திரிக்கும். நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு, போதும்.”

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? மத்தியானம் இலைகள் தொங்கின. தாகம் என்று நோயை நிர்ணயித்து ஒரு வாளி ஊற்றினேன். மறுநாளும் தொங்கின. இரண்டு வாளி ஊற்றி, ஈரச்சாக்கும் போர்த்தினேன். மூன்றாம் நாள் காலை சாக்கை எடுத்தால், மண்ணையொட்டித் தண்டு கறுத்து, நூலாய் இளைத்து, நாற்பதும் படுத்துக் கிடந்தன.

திரும்பி வந்தவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “தண்டழுகல். ஈரம் கூடிப்போச்சு. கெளம்புற அவசரத்துல நாந்தான் ஊத்தித் தொலைச்சிட்டேன் போல.”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மூன்று நாள் பிந்தி.

அந்த வாரம் எதிர்வீட்டு அக்கா கத்தரி விதையோடு வந்தார். “வேணாம்க்கா. ராசி போயிடுச்சு. இந்தக் கை இனி மாட்டுக்குத்தான்” என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். வண்டியும் எங்கும் நிற்காமல் போயிற்று. எந்தக் காரும் அலறவில்லை. அந்த அமைதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வண்டியின் பக்கத்திலேயே ஓடினேன். “அண்ணே, நான்தான் ஊத்தினேன். மூணு வாளி.”

மாடு நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்ப என் கையில குத்தமில்லையா?”

“இல்லண்ணே.”

“அடப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன லா!” நடுரோட்டில், கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஏறு வண்டியில. அந்தக்கா விதைய வேற யார்ட்டயும் குடுத்துடப் போவுது!”

அன்று ஓர் அறை விட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். விடவில்லை. விழாத அந்த அறைக்கு இன்னமும் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.