கொமாண்டரின் களுசான்

இராணுவ முகாமுக்குப் போகுமுன்பே அங்கிருந்து திரும்பி வந்தவனைப்போல் கதைத்தவன் உலகத்திலேயே எங்கள் கொமாண்டர் ஒருவன்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் என்னோடு படித்தவன். சாய்ந்தமருது மீன்வாடிக்காரரின் மகன். வீட்டில் வைத்த பெயரை அவனுடைய உம்மாவே மறந்திருப்பார்.

ஆகஸ்ட் விடுமுறையில் பள்ளிக்கூடக் கடேற் படைகளுக்கு மலைநாட்டுத் தியத்தலாவை இராணுவ முகாமில் பயிற்சி. எங்கள் பள்ளி முதல் தடவையாகப் போகிறது. அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று கொமாண்டர் வகுப்பெடுத்தான்.

"குளிர் எண்டா என்னெண்டு தெரியுமாடா ஒங்களுக்கு? அங்க தேத்தண்ணி கோப்பைக்குள்ளயே கட்டியாகிரும். கடிச்சித்தான் குடிக்கணும்!"

குளிரைப் பழக்குகிறேன் என்று எங்களை வாப்பாவின் வாடிக்குக் கூட்டிப்போய் ஐஸ் பெட்டிகளின் மேல் உட்காரவைத்தான். குளிர் பழகவில்லை. சூரை மீன் வாடைதான் பழகியது.

அவன் சொல்லாத ஒன்று முகாமில் காத்திருந்தது. ஊரில் நாங்கள் மாலை வேளைகளில் சாறனோடுதான் கடற்கரையில் அணிநடை பழகினோம். நடக்க நடக்க இடுப்பு முடிச்சு தளரும், இடது கை போய் இறுக்கும். எல்லாரும் அப்படித்தான் நடந்ததால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. தியத்தலாவையில் சாறனுக்குப் பதில் பெல்ட் கட்டிய சீருடைக் களுசான் போட்டதும் எங்கள் கைகள் திருந்திவிட்டன. கொமாண்டரின் கை மட்டும் திருந்தவில்லை.

"ஏய்! அந்தக் கை எங்க போறது?" என்று சிங்கள சார்ஜன்ட் உடைந்த தமிழில் கத்தினார்.

"சாறன இறுக்கினன் சேர்!"

"எங்க சாறன்?"

கொமாண்டர் குனிந்து பார்த்தான். மைதானமே சிரித்தது. கடைசி நாள் அணிவகுப்பில் அந்தக் கை இன்னொரு முறை போனால் கல்முனை அணி முழுவதும் வெளியே என்று சார்ஜன்ட் சொல்லிவிட்டார்.

கடைசி நாள் காலை கொமாண்டர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. "காய்ச்சல் வருத்தம் எண்டு படுத்திரவா மச்சான்? என்ட கையால ஊருக்கே வெக்கம் வந்திரும்."

"நீ படுத்தா நாங்களும் படுக்கிறதான். எழும்புடா!" என்றேன்.

அணிவகுத்தோம். பாதி மைதானத்தில் அவனுடைய பெல்ட்டுக் கொளுக்கி தெறித்தது. இரண்டு ஆள் போடக்கூடிய களுசான் இறங்கத் தொடங்கியது. காரணமே இல்லாமல் இடுப்புக்கு ஓடிய அந்தக் கை, காரணம் வந்த அன்றைக்குப் போகவில்லை. தோள் உயரத்துக்கு வீசிக்கொண்டேயிருந்தது. களுசான் முழங்காலுக்கு வந்தது. உள்ளே மருதமுனைச் சாறன் துணியில் உம்மா தைத்துக்கொடுத்த கட்டம்போட்ட உள்காற்சட்டை பளிச்சென்று தெரிந்தது. காலடி சுருங்கியது, தாளம் தப்பவில்லை. அதிகாரிகள் நின்ற மேடையைத் தாண்டிவிட்டான்.

"ஏன்டா புடிக்கல்ல?" என்று சார்ஜன்ட் ஓடி வந்தார்.

"களுசான் என்ட சேர். லைன் கல்முனைட."

சார்ஜன்ட் தன் பெல்ட்டைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டிவிட்டார். எனக்கு அன்று வந்த பெருமை பிறகு எந்தப் பட்டத்துக்கும் வரவில்லை.

இப்போதும் எங்கேனும் அணிவகுப்பைக் கண்டால் என் இடது கை தானாக இடுப்புக்குப் போகிறது. அவனுக்காகப் பிடித்துக்கொள்கிறேன்.