சினேகாவின் முதல் கட்டுரை

மூன்றாவது தாளையும் கசக்கி எறிந்தாள் சினேகா. மதுரையிலிருந்து வரும் மகளிர் மாத இதழுக்கு அவள் எழுதும் முதல் கட்டுரை. தலைப்பு, ‘வேலைக்குப் போகும் பெண்கள்’. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். முதல் வரியே வரவில்லை.

இதழின் ஆசிரியரம்மாவுக்குப் போன் போட்டாள்.

“உட்கார்ந்து யோசிச்சா வராதும்மா. யாராவது ஒருத்தரைப் பிடி, கேள்வி கேளு, அவங்களைப் பேசவிடு. எதைக் கேட்டு உனக்கே ஆச்சரியமா இருக்கோ, அதுதான் முதல் வரி.”

போனை வைத்தபோது, கஞ்சி போட்ட சேலையும் தோள்பையுமாக வாசலில் ஒரு பெண்மணி நின்றார்.

“வீட்டுல எல்லாரும் இருக்கீகளா?”

அம்மா இருளம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவார்கள் என்று தரகர் சோலைச்சாமி சொன்னதால், பட்டாசுக் கம்பெனியில் சீசன் நேரத்திலும் லீவு போட்டிருந்தாள்.

“வாங்க, வாங்க! உக்காருங்க.” மகளின் காதைக் கடித்தாள். “மாப்பிள்ளைக்கு அம்மா. போயி நல்ல சேலையக் கட்டு.”

சினேகாவுக்குக் கல்யாண அவசரம் இல்லை. கேள்வியாகக் கேட்டால் கட்டுரையும் தேறும், வந்தவரும் ஓடிவிடுவார். பேனாவோடு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீக?”

காபியோடு வந்த இருளம்மாள் குறுக்கே புகுந்தாள். “வெளையாட்டுக்குக் கேக்கா. கேசரி சாப்பிடுங்க, இவ கிண்டுனது.”

“கடையில வாங்குனது,” என்றாள் சினேகா. “மருமக வேலைக்குப் போனா உங்களுக்குப் பிடிக்குமா?”

வந்தவர் சிரித்தார். “நானே அப்பிடிப் போனவதான். தீப்பெட்டி ஒட்டுவேன், பசை காயுற நேரத்துல பாடம் படிப்பேன். பரீட்சை அன்னைக்கு எங்க மாமியா கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தாக. இப்ப நான் டீச்சர்.”

சினேகாவின் பேனா ஓடியது. ‘பசை காயும் நேரத்தில் ஒருத்தி படித்தாள்.’ முதல் வரி கிடைத்துவிட்டது! அதற்கப்புறம் கேள்வி மேல் கேள்வி. இருளம்மாள் செருமியதோ, கண்ணை உருட்டியதோ அவளுக்கு உறைக்கவில்லை.

கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் சேர்ந்தபோது, இப்படி ஒரு மாமியார் வாய்த்தால் என்ன என்று தோன்றியது. ஓசைப்படாமல் உள்ளே போய், முகம் கழுவி, பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள்.

இருளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்களுக்குப் பரிபூரண சம்மதம்!”

“ரொம்பச் சந்தோசம்,” என்று வந்தவர் பையிலிருந்து செல்போனை எடுத்தார். “பாதி வீட்டுல பதிலே சொல்ல மாட்டேங்காக. நானும் வந்ததுலருந்து கேக்கணும்னு பாக்கேன், பாப்பா விட்டாத்தானே? சொல்லுங்க, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன், இந்த வீட்டுல மொத்தம் எத்தன பேரு?”