ரெண்டு 'மைலாஸ்ட்'

கம்பெனியின் டாக்ஸி ஆப்பில், முகப்புத் திரையில் கடைசி மூன்று பயணங்கள் தெரியவேண்டும். ஒன்றுதான் தெரிந்தது.

"இதைச் சரிபண்ணாம யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

புரோகிராமர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மகளின் பள்ளி நாடகம். போன இரண்டு நாடகத்துக்கும் டிமிக்கி கொடுத்தாயிற்று. "இன்னிக்கும் வரலைன்னா உங்களோட பேசவே மாட்டேன்பா" என்று சொல்லித்தான் பள்ளிக்குப் போயிருந்தாள்.

காரணம் உடனே பிடிபட்டது. பட்டியலின் கடைசி ஒன்றை எடுத்துத்தர, 'லாஸ்ட்' என்ற பெயரில் ஒரு குட்டிக் கட்டளையை, அதாவது ஃபங்ஷனை, அவர் முன்பு சொந்தமாகச் சேர்த்திருந்தார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இன்று போட்ட புது வெர்ஷனில் புரோகிராமிங் மொழியை உருவாக்கியவர்களே ஒரு 'லாஸ்ட்' வைத்துவிட்டார்கள். அது கடைசியிலிருந்து கேட்ட எண்ணிக்கையில் எடுத்துத் தரும். பக்கத்து சீட்காரர் முகப்புத் திரையை இந்தப் புது லாஸ்ட்டைக் கூப்பிடும்படி மாற்றியிருந்தார். ஆனால் இவருடையது அதன்மேல் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, மூன்று கேட்டாலும் ஒன்றையே நீட்டியது.

"உங்களோடதை எடுத்துடலாமா?" என்றார் பக்கத்து சீட்.

"எடுக்கிறதா! பாதி கம்பெனி அது மேலதான்யா நிக்குது!"

புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்கா எட்டிப் பார்த்தார். "உங்க லாஸ்ட் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"தலை போற வேலை அக்கா. அப்புறம்."

எல்லா இடத்திலும் 'லாஸ்ட்' என்ற பெயரை 'மைலாஸ்ட்' என்று ஒரே தட்டில் மாற்றினார். இப்போது திரையைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு பயணமாகக் காணாமல் போயிற்று.

"யோவ், மைலாஸ்ட் என்னோடது!" என்று அலறினார் பக்கத்து சீட். அந்தப் பெயரில் அவர் முன்பே எழுதியிருந்தது, பட்டியலின் கடைசி ஒன்றை வெட்டி எறிவது.

அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் தன்னுடையது ஒதுங்கிக்கொள்ளும்படி இருவரும் ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். முந்தி வந்தவர் ராஜா என்றாயிற்று. இவர் கணினியில் இவருடையது ராஜா, மேனேஜர் கணினியில் பக்கத்து சீட்காரருடையது.

"என் பயணம் ஒண்ணையும் காணோமே!" என்று மேனேஜர் அறையிலிருந்து குரல் வந்தது.

மனைவி போனில் கூப்பிட்டாள். "நாலரை ஆச்சு, கிளம்பிட்டீங்களா?"

"நாடகத்துக்குக் கிளம்பிட்டேன்" என்றார், நாற்காலியை விட்டு அசையாமல்.

வேறு வழியின்றி எல்லாவற்றையும் காலையில் இருந்தபடியே திருப்பி வைத்தார். திரையில் மறுபடி ஒரே ஒரு பயணம்.

டெஸ்டர் அக்கா இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"சொல்லுங்கக்கா, இன்னும் என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலை. உங்க லாஸ்ட்டை எழுதின நாள்லேர்ந்து நீங்க உட்பட ஒருத்தரும் எங்கயும் பயன்படுத்தலை, அதை அழிச்சிட்டு நாடகத்துக்கு ஓடுங்க."